சிலுவை டிரைவர் ஓட்டிய வேதம்

இந்த மலைநாட்டில் வண்டி ஓட்டுகிறவர்களிலேயே ரொம்பப் பயந்த மனுஷன் யார் என்று கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துச் சிலுவை டிரைவர்தான். மழை பெய்தால் பயம், பனி இறங்கினால் பயம், எதிரே பஸ் வந்தால் பயம். எதிரே ஒன்றும் வராவிட்டால், ஏன் இன்னும் வரவில்லை என்று அதற்கும் ஒரு பயம். ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பேர் அவர் பெண்சாதிக்குத்தான் தெரியும். ஹட்டன் ஆட்டோ ஸ்டாண்டில் போய் அந்தப் பேரைச் சொல்லிக் கேட்டால் ஒருத்தரும் கை காட்ட மாட்டார்கள்.

"ஏன் தம்பி, இவ்வளவு பயத்த வச்சிக்கிட்டு எதுக்குய்யா இந்த வேலை?" என்று ஒரு தரம் கேட்டேன்.

"பயப்படாதவன் ஓட்டுனாத்தான் அக்கா ஆபத்து. அவனுக்கு ஆண்டவர் ஞாபகமே வராது."

நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. வயசுக் காலம் பூராவும் கொழுந்து மலையில் நின்றவள். குளவிக்கூடு கலைந்து வந்தபோது சாக்கைப் போர்த்திக்கொண்டு மூச்சு விடாமல் படுத்துக் கிடந்தவள். தேயிலைக்குள்ளே சிறுத்தை குட்டி போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு, சத்தம் போடாமல் பின்பக்கமாகவே நடந்து வந்தவள். பயம் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது, இவர் ஆட்டோவில் ஏறுகிற வரைக்கும்.

பிரஷர் கிளினிக்குக்கு ஹட்டன் போக முதல் முதல் ஏறினேன். எங்கள் தோட்டத்திலிருந்து நோட்டன் பிரிட்ஜ் ரோட்டுக்கு இறங்கி, அங்கிருந்து ஹட்டனுக்குப் போக வேண்டும். ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் அதலபாதாளம். நடுவில் ஒரு ஏற்றம். ஏற்றத்தில் வளைவு வந்ததும் இந்த மனுஷன் சிலுவை போட வலது கையை எடுத்து நெற்றிக்குக் கொண்டு போனார். ஆட்டோவுக்கு ஆக்சிலேட்டர் வலது கையில்தானே இருக்கிறது? பிதாவுக்கு வண்டி நின்றது. சுதனுக்குப் பின்னால் உருண்டது. பரிசுத்த ஆவிக்கு நான் திரும்பிப் பார்த்தேன், கீழே ஆறு ஒரு நூல் மாதிரி தெரிந்தது.

"எடது கையால போடுங்களேன் தம்பி!" என்று கத்தினேன்.

வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "நீங்க எடது கையால விபூதி வாங்குவீங்களா அக்கா?"

நான் மாரியாத்தாவைக் கும்பிடுகிறவள். அன்றைக்கு ஹட்டன் போய்ச் சேருகிற வரைக்கும் அவளைக் கூப்பிட்டுக்கொண்டேதான் போனேன். கிளினிக்கில் என் பிரஷரைப் பார்த்த நர்ஸ் பிள்ளை, "என்னாங்கம்மா, ஓடி வந்தீங்களா?" என்று கேட்டது.

இதற்கு வழி கண்டுபிடித்தது அவருடைய மூத்த மகள் ஸ்டெல்லா. அப்போது அது சின்னப் பிள்ளை. "அப்பா, நீங்க வண்டியப் புடிங்க. சிலுவைய நான் போட்டு விடுறேன்" என்று பின் சீட்டில் எழுந்து நின்றது. அதிலிருந்து வளைவு வந்தால் போதும், பின்னாலிருந்து ஒரு சின்னக் கை வந்து அப்பா நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் போகும். சில நாள் பிஸ்கட் பிசுக்கோடு வரும். சில நாள் நேராகக் கண்ணிலேயே குத்தும். கண் கலங்க அவர் ஓட்டுவதைப் பார்த்து, பக்தியில் அழுகிறார் என்று பாசஞ்சர் எல்லாம் நினைத்துக்கொள்வார்கள்.

மற்ற வீடுகளில் சாயங்காலம் விளக்கு வைத்ததும் செபம் நடக்கும். இவர் வீட்டில் எல்லாம் ஆட்டோவில்தான். பெண்சாதி பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு இருட்டும்போதுதான் வரும், வந்ததும் அடுப்பு. "வீட்டுல செபமாலைய எடுத்தா பிள்ளைங்க தூங்கிருதுங்க அக்கா. ஆட்டோவுல தூங்க முடியுமா?" என்பார். முடியாதுதான். அவர் ஓட்டுகிற ஓட்டுக்குச் செத்தவன்கூட எழுந்து உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொள்வான்.

அதனால் வளைவுக்கு ஒரு வேதக்கதை வைத்துவிட்டார். எப்போதும் ஓரத்துக் கான் நிரம்பித் தண்ணீர் ரோட்டில் ஓடுகிற வளைவு நோவா வளைவு. கொய்யா மரம் நிற்கிற இடம் ஏவாள் வளைவு, அங்கே பிள்ளைகள் மரத்தைப் பார்க்கவே கூடாது. முட்டைக்கடைக்காரர் வீட்டுச் சேவல் குறுக்கே ஓடுகிற இடம் பேதுரு வளைவு. இரண்டு கண்டக்டர்கள் சட்டையைக் கிழித்துக்கொண்ட இடம் காயின் ஆபேல். கீழே இருக்கிற பாலம் செங்கடல். ஒவ்வொன்றும் வரும்போது பிள்ளைகள் சத்தமாக அந்தக் கதையைச் சொல்ல வேண்டும். கதை முடியாவிட்டால் வண்டி நிற்கும். பின்னால் பஸ்காரன் ஹார்ன் அடித்துத் திட்டினாலும் மோசே அக்கரை சேர்ந்த பிறகுதான் நகரும்.

ஞாயிற்றுக்கிழமை வேத வகுப்பில் ஃபாதர் பிள்ளைகளிடம், செங்கடலை மோசே எங்கே கடந்தார் என்று கேட்டிருக்கிறார். சின்ன மகள் ரூபி எழுந்து, "நோட்டன் ரோட்டு பாலத்துக்கிட்ட ஃபாதர், சீமெந்து கடைக்கு இந்தப் பக்கம்" என்று சொல்லிவிட்டது. ஃபாதர் சிரித்து முடிக்க ரொம்ப நேரம் ஆனதாம். இவர் சிரிக்கவில்லை. "ஏன், அவ சொன்னதுல என்னா தப்பு? கடக்குற நேரம் அங்கதான கடக்குறோம்?" என்று என்னிடம் வந்து நியாயம் கேட்டார்.

பிள்ளை வளராமல் இருக்குமா? ஸ்டெல்லா பெரிய வகுப்புக்குப் போனது. காதில் வயர் மாட்டிக்கொண்டு ஓரத்தில் உட்காரத் தொடங்கியது. சிலுவை போடுகிற வேலை ரூபி கைக்கு மாறியது. பள்ளிக்கூட கேட்டுக்கு முன்னாலேயே, "இங்கயே எறக்கிருங்கப்பா, பிள்ளைங்க பாக்குதுங்க" என்று ஸ்டெல்லா இறங்கிவிடும். ஒரு நாள் நானும் வண்டியில் இருந்தேன். நோவா வளைவில் இவர், "ஸ்டெல்லா, இன்னைக்கு ஒன் முறை, சொல்லும்மா" என்றார்.

அது காதிலிருந்து வயரைக் கழற்றாமலே சொன்னது: "அப்பா, உங்களுக்குப் பயம். அதுக்கு பக்தின்னு பேரு வச்சிருக்கீங்க. அவ்வளவுதான்."

நோவா பெட்டகத்தைச் செய்யாமலே வளைவு கடந்து போயிற்று.

ஹட்டனில் கிளினிக் வாசலில் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தவர் அன்றைக்குத்தான் மனசு விட்டுப் பேசினார். "அக்கா, மழைன்னா பயம், மலை சரிஞ்சா பயம், எல்லாம் உண்மைதான். ஆனா அதெல்லாத்த விட அவ வாய மூடிக்கிட்டு வர்றாளே, அதுதான் எனக்குப் பெரிய பயம். எழுதி வைக்க எங்கிட்ட காணி இருக்கா? வீடு இருக்கா? குந்தியிருக்கிற லயத்துக் காம்பராவும் தோட்டத்துக்குச் சொந்தம். பிள்ளைங்க கையில குடுக்க எங்கிட்ட இந்த வேதம் ஒன்னுதான் இருக்கு. அவ வேணாம்னு வச்சிட்டுப் போயிட்டா, நான் அவளுக்கு என்னாத்த குடுத்தேன்?"

"வயசு அப்படி தம்பி. சரியாப் போயிரும்" என்றேன். சரியாகுமா என்று எனக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் அந்த மழை வந்தது. விடாமல் பெய்தது. மலை தண்ணீரைக் குடித்துக் குடித்துப் பொருமிப் போய் நின்றது. லயத்தில் ஒருத்தரும் மலைப் பக்கம் தலை வைத்துப் படுக்கவில்லை. பள்ளிக்கூடத்தைச் சீக்கிரம் விட்டுவிட்டார்கள் என்று இவர் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, கிளினிக்கில் நின்ற என்னையும் ஏற்றிக்கொண்டு திரும்பினார். பகல் நேரம்தான். ஆனால் பனி இறங்கி லைட் போட்டும் ரோடு தெரியவில்லை.

பாலம் தாண்டி, ஏற்றம் ஏறி, வளைவே இல்லாத ஒரு நேர் துண்டு வரும். மேலே செங்குத்தாய் மலை, கீழே பள்ளம். அங்கே போகும்போது முன்னால் ஒரு சத்தம். லாரியில் கல் கொட்டுகிற மாதிரி. பிரேக் போட்டார். முன்னால் ரோடு இல்லை, சேறுதான் இருந்தது. பின்னால் எடுக்கலாம் என்று திரும்பிப் பார்த்தால், ஒரு பெரிய மரம் நின்றபடியே வழுக்கி இறங்கி வந்து, ரோட்டுக்குக் குறுக்கே மெதுவாகச் சாய்ந்தது. அதற்குப் பின்னாலேயே மண்.

நடுவில் நாங்கள். ஒரு ஆட்டோ, நாலு பேர். இறங்கி எந்தப் பக்கம் ஓடுவது? ஹூட்டுக்கு மேலே சின்னச் சின்னக் கல் டொக்கு டொக்கென்று விழுந்துகொண்டிருந்தது. ஒன்று விழும், கொஞ்ச நேரம் ஒன்றும் இருக்காது. அந்த ஒன்றும் இல்லாத நேரம்தான் கொடுமை. அடுத்தது சின்னக் கல்லா பெரிய கல்லா என்று உடம்பெல்லாம் காதாக இருக்கும்.

நான் கத்தவில்லை. ரூபியின் ஜடையை மட்டும் கொஞ்சம் பிடித்துக்கொண்டேன். கொத்து முடி கையோடு வந்துவிட்டது என்று அது பிறகு சொன்னது, அதை நம்ப வேண்டாம்.

முன் சீட்டில் அந்த மனுஷன் ஹேண்டிலைப் பிடித்த பிடி விடவில்லை. செபம் இல்லை, சிலுவை இல்லை, வாயிலிருந்து ஒரு சொல் இல்லை. ஒரு தூறலுக்கே மோட்சத்துச் சம்மனசுகள் எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவர், அன்றைக்குக் கல்லாய்ப் போனார். முதுகு மட்டும் நடுங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நிஜமாகவே பயம் பிடித்தது.

"அப்பா, இது என்னா எடம்?" ரூபி அழுதது. "இங்க என்னா கதை?"

வளைவுக்குத்தான் கதை வைத்திருந்தார். இந்த நேர் துண்டுக்கு ஒன்றும் இல்லை.

"அப்பா! இங்க என்னா கதைன்னு கேக்குறேன்ல!"

மேலே இன்னொரு கல் விழுந்தது. ஹூட்டு கிழிந்து தண்ணீர் உள்ளே ஊற்றியது. அப்போதுதான் ஓரத்தில் இருந்த ஸ்டெல்லா காதிலிருந்த வயரை உருவி மடியில் போட்டது.

"யோனா" என்றது. குரல் நடுங்கியது, ஆனால் நிறுத்தவில்லை. "இது யோனா இருந்த மீன் வயிறு. பாரு, ஒரே இருட்டு. ஒரே ஈரம். முன்னால போக முடியாது, பின்னால போக முடியாது. சரியா இருக்கா?"

"நாத்தம்?" என்றது ரூபி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அத்தை வெத்தல போட்டிருக்காங்க, பத்தாதா?"

அந்த நேரத்திலும் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. நல்லதாய்ப் போயிற்று, கோபம் வந்த இடத்தில் உயிரும் திரும்பி வந்தது.

"அந்த யோனாவும் நம்ம அப்பா மாதிரிதான்" என்று அது சொல்லிக்கொண்டே போனது. "சரியான பயந்தாங்கொள்ளி. போன்னு ஆண்டவர் சொன்ன எடத்துக்குப் போகாம கப்பல் ஏறி ஓடுனாரு. கடல்ல தூக்கிப் போட்டாங்க, மீன் முழுங்கிருச்சு. வெளிய இருந்தப்ப ஓடுனவரு, உள்ள போயி உக்காந்துதான் ஒழுங்கா செபம் பண்ணுனாரு. ஆண்டவருக்குக் கேட்டுச்சு. அவ்வளவு ஆழத்துல இருந்தும் கேட்டுச்சு."

"எத்தன நாள் உள்ள இருந்தாரு?"

"மூணு."

"மூணு நாளா!" ரூபி மறுபடியும் ஓவென்று அழுதது.

"நமக்கு அவ்வளவு ஆகாது. எனக்கு நாளைக்குக் கணக்கு டெஸ்ட் இருக்கு." பிறகு முன் சீட்டைப் பார்த்து, மெதுவாக, "அப்பா, யோனா என்னா செபம் பண்ணுனாருன்னு எனக்குத் தெரியாது. நான் எனக்கு வர்றத சொல்றேன். நீங்களும் சொல்லுங்க" என்றது.

பரலோகத்தில் இருக்கிற எங்கள் பிதாவே என்று தொடங்கியது. முதலில் ஸ்டெல்லா குரல். அப்புறம் ரூபி. தீமையிலிருந்து எங்களை மீட்டருளும் என்று வந்தபோது, முன்னாலிருந்து ஒரு கரகரத்த குரலும் சேர்ந்தது. நான் என் பாட்டுக்கு மாரியாத்தாவைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரே ஆட்டோவுக்குள்ளே இருந்து போன சத்தம், மேலே அவர்கள் பிரித்து எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

கீழ்க் கிராமத்துச் சிங்கள ஆட்களும் எங்கள் தோட்டத்துப் பயல்களும் கயிறு கொண்டு வந்தார்கள். "பய வெண்ட எப்பா அம்மே" என்று ஒரு பையன், பயப்படாதீங்க அம்மா என்று, என்னை முதுகில் தூக்கிக்கொண்டு சேற்றைத் தாண்டினான். நான் பயப்படவில்லை என்று அவனிடம் சொன்னேன். சிங்களத்தில் சொல்ல வரவில்லை, அதனால் அவன் நம்பவில்லை. ஆட்டோவைத் தண்ணீர் வடிந்த பிறகு இழுத்து எடுத்தார்கள்.

ஸ்டெல்லா அதற்குப் பிறகு புனிதையாகிவிட்டது என்று எழுதினால் அது பொய். காதில் வயர் அப்படியேதான் இருக்கிறது. பள்ளிக்கூட கேட்டுக்கு முன்னாலேயேதான் இறங்குகிறது. ஆனால் அந்த நேர் துண்டு வந்தால் வயரைக் கழற்றி யோனாவைச் சொல்லும். ஒரு நாள் நீளமாக, ஒரு நாள் இரண்டே வரியில், ஒரு நாள் சண்டைக்காரி மாதிரி. அப்பா பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொள்வார்.

"நீங்களும் சொன்னா என்னா தம்பி?" என்று கேட்டேன்.

"அது அவளுக்கு எழுதியாச்சு அக்கா. அவ எடம். நான் காலு வைக்கக் கூடாது" என்றார், ஏதோ பத்து ஏக்கர் காணியைப் பற்றிப் பேசுகிற மாதிரி.

போன கிழமை ஸ்டெல்லாவுக்குக் காய்ச்சல், ரூபிக்கும் தொற்றிக்கொண்டது. கிளினிக் முடிந்து நான் ஒருத்திதான் வந்தேன். மழை பிடித்துக்கொண்டது. அந்த நேர் துண்டில் ஏறியதும் வண்டி நத்தை மாதிரி ஆனது. மலையை ஒரு தரம் பார்த்தார், பள்ளத்தை ஒரு தரம் பார்த்தார். கழுத்து வேர்த்திருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை, மகளுடைய இடமாயிற்றே. அந்த முதுகைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. வெற்றிலையைத் துப்பிவிட்டு, மாரியாத்தாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"யோனான்னு ஒருத்தரு இருந்தாரு தம்பி..."