மாடிப்படி ஏறாத தளபதி

‘அன்னிக்கு மட்டும்’ என்று பேச்சை ஆரம்பிப்பவர்கள் ஒரு தனி இனம். கத்தியைக் கையால் தொட்டிருக்க மாட்டார்கள். காய் நறுக்கக்கூட மனைவி வேண்டும். ஆனால் என்றைக்கோ எவனோ தோற்ற சண்டையை இவர்களிடம் கொடுத்துப் பாருங்கள், டீ ஆறுவதற்குள் ஜெயித்துத் தந்துவிடுவார்கள்.

நம் தளபதி குடிநீர் வாரியத்தில் தலைமை எழுத்தர். அவருக்கு வாய்த்தது கொள்ளுத்தாத்தா காலத்தில் ஏதோ வெளிநாட்டில் நடந்த உள்நாட்டுப் போர். வடக்குப் படை மலைமேல், தெற்குப் படை அடிவாரத்தில். தெற்குத் தளபதி அன்று சாயங்காலமே ஏறியிருந்தால் மலை அவன் கையில். அவனோ மிச்சப் படையும் வரட்டும், முடிந்தால் எதிரியே இறங்கி வரட்டும் என்று நின்றான். விடிவதற்குள் மேலே பீரங்கி வந்தது. கதை முடிந்தது.

“கௌரவம் பார்த்தான்யா. ஏறிப் போனா தேஞ்சா போயிடுவான்?” என்பார் அலுவலகத்தில்.

வீட்டில் சாப்பாட்டு மேசைதான் போர்க்களம். சர்க்கரை டப்பா மலை, உப்பு டப்பா தெற்குத் தளபதி, கரண்டிகள் குதிரைப்படை.

“ஏங்க, குதிரையை எல்லாம் ஓரங்கட்டினா பரிமாறிடுவேன்” என்பாள் மனைவி.

மாடியில் தம்பி குடும்பம். ஆறு மாதமாகப் பேச்சு இல்லை. தொட்டி வழிந்தபோது மோட்டாரை நிறுத்தியிருக்க வேண்டியது யார்? இவ்வளவுதான் தகராறு. ஊருக்கே தண்ணீர் விடுகிறவர் வீட்டில்!

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் லாரி வந்து நின்றது. தம்பி வேறு வீடு பார்த்துவிட்டான்.

“நாலு எட்டு மேலே போய், ‘போகாதடா’ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. கட்டின மூட்டையை அவரே அவிழ்த்துடுவார்” என்றாள் மனைவி.

“பொறு. சாவி கொடுக்க எப்படியும் இறங்கித்தானே வரணும்?”

“வந்தா பேசுவீங்களா?”

“அவன் எப்படி ஆரம்பிக்கிறான்னு பார்த்துட்டு.”

மேலே இழுபடும் ஒவ்வொரு சாமானுக்கும் தளபதி காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பீரோ இறங்கியது. போகட்டும், கட்டில் இருக்கிறதே. கட்டிலை விட்டுவிட்டு எவன் போவான்? கட்டிலும் இறங்கியது.

தம்பி வந்தான். “அண்ணி, சாவி.”

கொடுத்தவன் மேசையைப் பார்த்தான். விவரம் தெரிந்த நாள் முதல் அண்ணனுக்கு வடக்குப் படையாக நின்று கொடுத்தவன் அவன்தான்.

“அண்ணன் இன்னும் அடிவாரத்துலதான் நிக்கிறாரா, அண்ணி?”

கேட்டுவிட்டுக் கொஞ்சம் நின்றான். தளபதி தொண்டையைச் செருமினார்.

“கட்டிலை நல்லா இறுக்கிக் கட்டச் சொல்லு” என்றார், மனைவியிடம்.

“கட்டியாச்சு அண்ணி” என்ற தம்பி, உப்பு டப்பாவை எடுத்துச் சர்க்கரை டப்பாவின் தலைமேல் வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் அலுவலகத்தில், “அன்னிக்கு மட்டும் மேலே ஏறியிருந்தா…” என்று ஆரம்பித்தார்.

“தெற்குத் தளபதி தானே சார்?” என்றார் பக்கத்து மேசைக்காரர்.

தளபதி ஆறிப்போன டீயைக் குடித்தார்.

நீங்கள் இந்த ரகமில்லை, தெரியும். இதைப் படிக்கும்போது யாரோ ஒருவர் முகம் நினைவுக்கு வந்ததல்லவா, அவரை இன்றைக்கே கூப்பிட்டுப் பேசிவிடுவீர்கள். என்ன, முதலில் அவர் கூப்பிடட்டும் என்கிறீர்களா? அதுவும் சரிதான். மிச்சப் படையும் வந்து சேரட்டும்.