ஒரு மணி நேரத் துணை

இந்த வருஷம் சங்கத் தலைவர் ஆகியே தீருவது என்று முடிவு செய்தேன். ஆறு வருஷமாக நான் துணைத் தலைவர். துணைத் தலைவருக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். தலைவருக்கு எப்போது காய்ச்சல் வரும் என்று காத்திருப்பதுதான் வேலை. எங்கள் தலைவரோ மருந்துக்கடை வைத்திருக்கிறார். அவருக்கு எங்கே வரப்போகிறது?

நான் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். எங்கள் ஊரில் பாதிப் பேர் மீதிப் பாதிப் பேரைப் பார்ப்பது என் கடைக் கண்ணாடி வழியாகத்தான். பார்த்து ஒன்றும் சந்தோஷப்பட்ட மாதிரி தெரியவில்லை. அதற்கு நான் பொறுப்பல்ல.

சங்கம் என்றால் பொதுச்சேவைச் சங்கம். ஒரு காலத்தில் நாற்பது பேர் இருந்தோம். இப்போது சுவரில் படமாக இருப்பவர்கள் பதினேழு. நாற்காலியில் இருப்பவர்கள் பதினொன்று. மிச்சப் பேர் பிழைப்புத் தேடி ஊரை விட்டே போய்விட்டார்கள். கூட்டம் நடக்கும் கூடம் மூன்று இடத்தில் ஒழுகும். மழைக்காலத்தில் நாங்கள் கொள்கைப்படி உட்காருவதில்லை, ஒழுகாத இடம் பார்த்து உட்காருவோம்.

சேவைகளும் எங்களைப் போலவே தளர்ந்துவிட்டன. வருஷா வருஷம் பேருந்து நிலையத்தருகே மரக்கன்று நடுகிறோம். ஆறு வருஷமாக ஒரே குழி. இரவல் கொடுக்க ஒரு சக்கர நாற்காலி இருக்கிறது. கடைசியாக மூன்று முறை அது திரும்பி வந்தபோது, அதில் உட்கார்ந்தவர் திரும்பவில்லை. போன ரத்ததான முகாமில் எங்களைச் சோதித்த நர்ஸம்மா, "உங்களுக்கே ரெண்டு பாட்டில் ஏத்தணும் போலிருக்கே" என்றார்.

இந்த நிலையில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. ஊரில் தனியாகக் கிடக்கிறவர்கள் எத்தனையோ பேர். வாரம் ஒரு நாள், புதன்கிழமை ஐந்திலிருந்து ஆறு வரை, சங்கத்திலிருந்து ஒருவர் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொண்டிருப்பது. திட்டத்தின் பெயர், 'ஒரு மணி நேரத் துணை'. துணைத் தலைவரின் துணைத் திட்டம். இதை வைத்தே துணையைக் கழற்றிவிட்டுத் தலைவர் மட்டும் ஆகிவிடலாம் என்று கணக்குப் போட்டேன்.

விதிகளையும் நானே எழுதினேன். பேசியதை வெளியே சொல்லக் கூடாது. சொந்தக்காரர் வீட்டுக்கு உறுப்பினர் போகக் கூடாது. துணை கேட்டவர் மனம் விட்டுப் பேச வேண்டும், ஆகையால் அந்த ஒரு மணி நேரம் வீட்டார் யாரும் வீட்டில் இருக்கக் கூடாது. எழுதி முடித்ததும் எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது. மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் ஈரத் துணிகளை உள்ளே நாற்காலி முதுகுகளில் விரித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. துணை வேணும்னா எப்படிக் கேக்கறது?"

"மருந்துக்கடையில ஒரு பெட்டி வைக்கறோம். சீட்டு எழுதிப் போட்டாப் போதும். பேர்கூட வேண்டாம், விலாசம் இருந்தாச் சரி."

"யார் வேணும்னாலும் போடலாமா?"

"யார் வேணும்னாலும்!" என்றேன் பெருமையாக.

"அப்ப சரி" என்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. எட்டாம் விதியில் ஒரு எழுத்துப் பிழை இருந்தது, அதைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

அடுத்த திங்கட்கிழமைக் கூட்டத்தில் பெட்டியைத் திறந்தோம். மூன்று சீட்டுகள். செயலாளர் எடுத்துப் படித்தார். அவர் ஓய்வு பெற்ற போஸ்ட் மாஸ்டர். எந்தக் காகிதத்தையும் முன்னும் பின்னும் பார்த்துவிட்டுத்தான் படிப்பார்.

முதல் சீட்டு, மருந்துக்கடையில் யாரோ மறந்து வைத்த குடையைப் பற்றியது. இரண்டாவது, சதுரங்கம் ஆட ஆள் கேட்ட ஒரு பெரியவருடையது. 'தோற்கத் தெரிந்த ஆளாக அனுப்பவும்' என்று எழுதியிருந்தார். மூன்றாவது சீட்டைப் படிக்கும்போது போஸ்ட் மாஸ்டரின் குரல் இறங்கிவிட்டது.

'வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம். பகலில் நான் மட்டும். சாயங்காலம் அவர் வருவார். வந்த பிறகும் நான் மட்டும்தான். தினமும் என்னோடு பேசிக்கொண்டிருந்தவள் எட்டு மாசத்துக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டாள். யாராவது வந்து ஒரு மணி நேரம் எதிரில் உட்கார்ந்தால் போதும். பதில் பேசக்கூட வேண்டாம்.'

பேக்கரிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். தேர்தலுக்கு ஐந்தே வாரம்தான் இருந்தது. இந்த நேரத்தில் பேசாவிட்டால் எப்போது பேசுவது? எழுந்தேன். மேஜையில் ஓங்கி ஒரு குத்து விட்டேன்.

"நண்பர்களே! அந்த வீட்டுல ஒரு மனுஷன் இருக்கானாம். மனுஷனா அவன்? கூடவே இருக்கற பொம்பளை மனசுல என்ன இருக்குன்னு தெரியாத கல்லு! சுவத்துல மாட்டின காலண்டர்கூட மாசத்துக்கு ஒரு தடவை புரளும். இவன் புரளக்கூட மாட்டான் போலிருக்கே! அவனை என் முன்னால கொண்டுவந்து நிறுத்துங்க!"

பலத்த கைதட்டல். ஆறு வருஷத்தில் எனக்கு விழுந்த முதல் கைதட்டல். போஸ்ட் மாஸ்டர் மட்டும் தட்டவில்லை. சீட்டைத் திருப்பிப் பார்த்துவிட்டு, மெதுவாக விலாசத்தைப் படித்தார்.

என் வீடு.

பத்துப் பேரும் தலையைத் தூக்கி, கூரை ஒழுகுவதை அக்கறையாகப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். வேறு எங்கே பார்ப்பது?

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று தெரியவில்லை. குடை கையில்தான் இருந்தது. விரிக்காமலே வந்திருந்தேன்.

"நீ சீட்டு போட்டியா?"

"போட்டேன்."

"ஏன் போட்டே?"

"யார் வேணும்னாலும் போடலாம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"யார் வேணும்னாலும்னா... வேற யார் வேணும்னாலும்!"

"அது விதியில இல்லையே."

"என் மானம் போச்சு. ஊருக்கே சொல்லிட்டே."

"ஊருக்கா? பதினோரு பேருக்கு. அதுல ரெண்டு பேருக்குக் காது கேக்காது."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேன்."

"எப்போ?"

"போன மாசம். அக்கா ஞாபகமாவே இருக்குங்க, சாயங்காலம் ஆனா என்னவோ பண்ணுதுன்னேன். நீங்க மரக்கன்று லிஸ்ட் எழுதிட்டிருந்தீங்க. 'ம்'னீங்க."

"'ம்'னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க. அதான் மேல பேசலை."

அவள் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு அந்த அம்மாளிடமிருந்து போன் வரும். அரை மணி நேரம் பேசுவார்கள். முக்கால் மணிகூட ஆகும். அக்காவும் தங்கையும் அப்படி என்னதான் பேசிக்கொள்வார்களோ என்று எனக்கு எரிச்சலாக வரும். எட்டு மாசத்துக்கு முன்னால் அந்த அம்மாள் தூக்கத்திலேயே போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்தோம். மறுநாளிலிருந்து ஐந்தரைக்குப் போன் வரவில்லை. வீடு அமைதியாக இருந்தது. சங்கத்து வேலை பார்க்க வசதியாக இருக்கிறது என்றுதான் நான் நினைத்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன்.

புதன்கிழமை வந்தது. முதல் துணையாகப் பேக்கரிக்காரர் வந்தார். கையில் ஒரு டப்பா பிஸ்கட். விதிப்படி நான் வெளியேற வேண்டும்.

"மழை பெய்யுதே" என்றேன்.

"குடை எடுத்துக்குங்க" என்றாள்.

எதிர்ப்பக்கம் மூடிக் கிடந்த தையல் கடையின் தகரத்துக்கு அடியில் நின்றேன். அங்கிருந்து எங்கள் ஜன்னல் தெரியும். சொந்த வீட்டைத் தெருவில் நின்று பார்த்திருக்கிறீர்களா? யாரோ நல்ல மனிதர்கள் குடியிருப்பதுபோல் தெரியும். கால் மணி ஆகியிருக்கும். உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம். யார் சிரிப்பது என்று முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அப்புறம்தான் தெரிந்தது, என் மனைவி.

ஆறு மணிக்குப் பேக்கரிக்காரர் வெளியே வந்தார். முகமெல்லாம் மலர்ச்சி.

"உங்க வீட்டம்மா என்னமாப் பேசறாங்க சார்! வயிறு வலிக்குது."

"என்ன பேசினா?"

"வெளிய சொல்லக் கூடாது. முதல் விதி. நீங்க எழுதினதுதானே?"

அடுத்த வாரம் மருந்துக்கடைக்காரர். அதற்கடுத்த வாரம் மருந்துக்கடைக்காரரும் அவர் மனைவியும். சதுரங்கப் பெரியவரிடம் போக ஆள் கிடைக்கவில்லை. எல்லாருக்கும் என் வீட்டுக்குத்தான் போக வேண்டும். கடைசியில் பெரியவரையே என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். அவர் என் மனைவியிடம் ஆட்டத்தில் தோற்றுவிட்டு, அடுத்த வாரமும் வருவேன் என்று அடம் பிடித்தாராம். இதையும் தெருவில் வைத்துத்தான் கேள்விப்பட்டேன். என் வீட்டுச் செய்தியெல்லாம் எனக்குத் தெருவில்தான் கிடைத்தது.

ஐந்தாவது புதன்கிழமை போஸ்ட் மாஸ்டரின் முறை. நான் வழக்கம்போல் தகரத்துக்கு அடியில். அன்றைக்குச் சிரிப்புச் சத்தமே கேட்கவில்லை. அரை மணி ஆயிற்று. மனசு கேட்காமல் தெருவைத் தாண்டி ஜன்னல் பக்கமாகப் போனேன். அவள் முகத்தைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். போஸ்ட் மாஸ்டர் எதிர் நாற்காலியில், இரண்டு கைகளையும் முழங்கால் மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒன்றும் பேசவில்லை, ஆறுதல் சொல்லவில்லை, கடிகாரத்தையும் பார்க்கவில்லை. போன வருஷம் அவர் மனைவி போனபோது சங்கத்தின் சார்பில் இரங்கல் தீர்மானம் போட்டவன் நான். தீர்மானத்தில் நான்கு வரி. அவர் வீட்டுக்கு ஒரு தரம்கூடப் போகவில்லை.

உள்ளே போய்விடலாம் என்று நினைத்தேன். விதி இருந்தது. அது மட்டும் காரணமில்லை. உள்ளே போய் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. செருப்புக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. அப்படியே நின்றேன்.

ஆறேகால் ஆனதும் வீட்டுக்குள் போனேன். அவள் அடுப்பில் ஏதோ கிளறிக்கொண்டிருந்தாள். நான் ஈரக் காலோடு சமையலறை வாசலில் நின்றேன்.

"உங்கக்கா கடைசியாப் போன் பண்ணினப்ப என்ன பேசினாங்க?"

கரண்டி நின்றது. "இப்பக் கேக்கறீங்களா?"

"இப்பதான் கேக்கத் தோணிச்சு."

அடுப்பைத் தணித்தாள். "அங்க மழையான்னு கேட்டா. ஆமான்னேன். துணியெல்லாம் காஞ்சுதான்னு கேட்டா. காயலைன்னேன். சரி, நாளைக்குப் பேசறேன்னு வெச்சுட்டா. அவ்வளவுதான்."

"ம்" என்றேன். உடனே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"பரவாயில்லை" என்றாள். "இந்த 'ம்' கேட்டுட்டுச் சொன்ன 'ம்'."

அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். தலைவர் பதவியாவது ஒன்றாவது. அடுத்த திங்கட்கிழமை நான்கு மணிக்குத் தேர்தல் கூட்டம். எழுந்து நின்றேன். குரல் தழுதழுத்தது. பாதி நிஜமாகவே தழுதழுத்தது, பாதி பழக்கத்தில்.

"நண்பர்களே, நான் போட்டியிடவில்லை. அது மட்டுமல்ல, சங்கத்திலிருந்தே விலகுகிறேன். இனி என் சாயங்காலங்கள் என் மனைவிக்கு!"

கொஞ்சம் கெஞ்சுவார்கள் என்று எதிர்பார்த்தேன். யாராவது ஒருவராவது, "யோசித்துச் செய்யுங்கள்" என்று சொல்ல மாட்டார்களா? மருந்துக்கடைக்காரர், "ரொம்ப நல்ல முடிவு" என்றார். போஸ்ட் மாஸ்டர் என் ராஜினாமாவை ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார். கையெழுத்துப் போடப் பேனாவையும் திறந்து நீட்டினார். பேக்கரிக்காரர் என் குடையை எடுத்துக் கொடுத்தார். வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்கள். வேகமாகத்தான் அனுப்பினார்கள். அன்பு மிகுதியில் செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்தால், மனைவி வெளியே போகிற புடவையில் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் விட்டுட்டேன்" என்றேன். "சங்கம், பதவி, எல்லாம். இனிமே தினமும் அஞ்சு மணிக்கு வீட்டுல இருப்பேன். நீ பேசு, நான் கேக்கறேன்."

அவள் திரும்பிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. அது நடிப்பில்லை. இருபத்தெட்டு வருஷத்தில் அந்த அளவுக்காவது எனக்குத் தெரியும்.

"நிஜமாவா?"

"சத்தியமா."

"தினமுமா?"

"தினமும்!"

"அப்பாடா" என்றாள். "அதுதான் இடிச்சிட்டிருந்தது. ஒரே வீட்டுல ரெண்டு பேர் உறுப்பினரா இருக்கக் கூடாதாமே."

"யார் சொன்னது?"

"மருந்துக்கடைக்காரர். அவர் வீட்டோட இருக்கற மச்சானைச் சேரவிடாமப் பண்றதுக்காக நீங்கதான் அந்த விதியப் போட்டீங்களாம். மூணு வாரமாக் கேட்டுட்டிருந்தாங்க, நான்தான் நீங்க இருக்கும்போது எப்படின்னு தயங்கினேன். இப்பதான் போன் பண்ணினாங்க. ஏகமனதாம்."

"எதுக்கு ஏகமனது?"

அவள் என் கையிலிருந்த குடையை வாங்கி, தண்ணீரை உதறினாள். என் ஈரச் சட்டைக் காலரைச் சரி செய்தாள்.

"வந்து எல்லாம் சொல்றேன். உக்காந்து கேக்கணும், சொல்லிட்டேன்." வாசலில் நின்று குடையை விரித்தவள், ஏதோ ஞாபகம் வந்த மாதிரி திரும்பினாள்.

"யாராவது தேடிட்டு வந்தா, தலைவர் வீட்ல இல்லைன்னு சொல்லிடுங்க."