மழையை ஜெயித்த கப்பல் டீச்சர்

கேமரன் மலை மழையோடு மல்லுக்கட்டி ஜெயித்த ஒரே மனுஷி எங்கள் கப்பல் டீச்சர்தான். எழுபதுகளின் கடைசியில் தோட்டத் தமிழ்ப் பள்ளியில் என்னோடு வேலை பார்த்தவர். அவருடைய கணக்குப் பாடத்தில் மாம்பழம், ஆரஞ்சு எதுவும் வராது. எல்லாக் கணக்கிலும் கப்பல்தான் ஓடும்.

தோட்டத்தின் பழைய வெள்ளைக்காரத் துரை சீமைக்குத் திரும்பியபோது, லுமுட் கடலில் ஓட்டிய சின்ன ஃபைபர் பாய்மரப் படகை பங்களாவுக்குப் பின்னால் போட்டுவிட்டுப் போனார். டீச்சர் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மேல்தளத்தில் கால் வைத்ததும் சளக்கென்று அமுங்கியது. தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"என்னா டீச்சர், இது கப்பலா, கோப்பித் தண்ணியில ஊறுன ரொட்டியா?"

"மேல ஒரு ஃபைபர் தகடு, கீழ ஒரு தகடு, நடுவுல பலகை. ஸ்க்ரூ ஓட்டை வழியா மழைத்தண்ணி எறங்கி பலகை மக்கிப்போச்சு. அவ்வளவுதான்லா!"

புதுத் துரைக்கு அந்த 'அவ்வளவுதான்' போதவில்லை. மாத முடிவுக்குள் மிதக்காவிட்டால் கொளுத்திவிடச் சொல்லிவிட்டார்.

டீச்சர் மேல்தகட்டை அறுத்துத் திறந்தார். பலகை இருந்த இடத்தில் கறுப்புக் களி. கரண்டியால் வழித்துப் போட்டார். ஆனால் ஈரம் போகவில்லை. துணியால் ஒற்றினார், அடுப்புக்கரி மூட்டினார். விடிந்தால் மழையும் பனியும் இறங்கி எல்லாம் பழையபடி சொதசொத.

ஒரு லீவு நாளில் படகை லோரியில் ஏற்றித் தேயிலை பேக்டரிக்குள் கொண்டுபோய், கொழுந்து வாட்டும் சூட்டுக்காற்றுக்கு நேரே நிறுத்திவிட்டார். துரை ஓடிவந்தார்.

"டீச்சர், இது டீ பேக்டரி!"

"அதான் வந்தேன் துரை. இந்த மலையில வேற எங்க எது காயுது?"

துரை தலையாட்டிவிட்டு ஆபீசுக்குத் திரும்பினார். படகு காய்ந்தது. உடைந்த தேயிலைப் பெட்டிப் பலகைகளை அறுத்து உள்ளே பொருத்தி, பசை ஊற்றி, தகட்டை மூடி, ஒவ்வொரு ஓட்டையையும் அடைத்தார்.

ரிங்லெட் அணைக்கட்டு ஏரியில் படகை இறக்க, கரையில் லயன் வீடுகளின் ஜனம் மொத்தமும் கூடியது. மூழ்கினால் இழுக்கக் கிராணி கயிறோடு வந்திருந்தார். டீச்சர் அவரையே தளத்தில் ஏற்றினார்.

"குதிங்க கிராணி!"

பயந்து பயந்து குதித்தார். தளம் அசையவில்லை. இன்னும் ஓங்கிக் குதித்தார். படகுதான் ஆடியது, தளம் கல்லாட்டம் நின்றது. கரையே கைதட்டியது. பாய் காற்றை வாங்கிப் புடைக்க, அணைப் பக்கமாய்ப் படகு பறந்தது. துரைகூடத் தொப்பியைக் கழற்றி ஆட்டினார்.

அடுத்த சுற்றில் டீச்சர் என்னையும் கூப்பிட்டார். எனக்கு நீச்சல் தெரியாது. நடு ஏரி தாண்டித் திரும்பி வரும்வரை அது என் நினைவுக்கே வரவில்லை. பக்கத்தில் டீச்சர் இருந்தார்.