செவ்வாய் அண்ணாச்சியின் மனித ஆராய்ச்சி

தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களில் செவ்வாய்க் கிரகம் அத்துப்படியாகத் தெரிந்தவர் ஒரே ஒருவர்தான். திருச்செந்தூருக்கு எந்த பஸ் என்று கேட்டால் முழிப்பார். செவ்வாயில் எந்தப் பள்ளத்தாக்கில் இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கேளுங்கள். இரண்டு கையையும் வீசிச் சொல்லுகிற வேகத்தில் பக்கத்தில் நிற்பவரின் டீ கிளாஸ் பறக்கும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்கு ஸ்ரீவைகுண்டத்தில் வேளாண்மைத் துறையில் வேலை. நான் குடியிருந்த மாடிக்குக் கீழே ஒரு பத்திர எழுத்தரின் கடை. அவருக்கும் அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஊருக்கு அவர் செவ்வாய் அண்ணாச்சி. காலையில் கிரயப் பத்திரம் எழுதுவார், சாயந்திரம் விஞ்ஞானக் கதை எழுதுவார். இரண்டுக்கும் ஒரே பேனா என்பதுதான் சிக்கல். "மேற்படி கிரகமானது வடக்கே வெட்டவெளி, தெற்கே வெட்டவெளி, கிழக்கே எரிநட்சத்திரம் போகும் பாதை, இதற்குட்பட்டது" என்று கதை ஆரம்பிக்கும். ஒரு தடவை வயல் பத்திரத்தில் "விற்பவராகிய பூமிவாசி" என்று எழுதிவிட்டு, பதிவு ஆபீசில் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கதை எழுதாத நேரத்தில் எங்களைப் பிடித்துக்கொள்வார். "வே, நாம பாக்குத இந்த உலகம் நெசந்தானா? எவனோ ஒருத்தன் படுத்துக்கிட்டு நம்மளக் கனாக் காணுதான்னா என்ன செய்வீரு?"

எதிர்த்த டீக்கடை காதர் பாய் அசரமாட்டார். "கனாவோ நெசமோ, அடுப்புல கை வச்சா சுடுது வே. தள்ளி நில்லும்."

வாரப் பத்திரிகைகளுக்கு அவர் அனுப்பிய கதைகளெல்லாம் போன வேகத்தில் திரும்பி வரும். அதிசயமாக ஒரு கதைக்கு மட்டும் ஆசிரியர் கைப்பட எழுதியிருந்தார். செவ்வாயில் விண்கப்பல் நொறுங்கி, எல்லாம் இழந்து ஒருவன் மட்டும் மிஞ்சுகிறான். தேடிக்கொண்டு ஆட்கள் வருகிறார்கள். அவர்களிடம் அவன் மனித குலத்தின் தனிமை பற்றி இரண்டு பக்கம் பிரசங்கம் பண்ணுகிறான். ஆசிரியர் எழுதியது இதுதான்: "கதை பிரமாதம். ஆனால் கடைசியில் பேசுகிறவன் மனுஷன் மாதிரி இல்லை. மாற்றி அனுப்பினால் போடுகிறோம்."

அண்ணாச்சிக்கு வெறி பிடித்துவிட்டது. "மனுசன் எப்படிப் பேசுவான்னு இன்னைக்கே கண்டுபிடிக்கேன்!" என்று கிளம்பியவர் நேரே போனது ஒரு சாவு வீட்டுக்கு. கொள்ளி வைக்கப் போகிற மூத்த மகனிடம், "இப்ப ஒங்களுக்குத் தொண்டை அடைக்கா, நெஞ்சு அடைக்கா?" என்று கேட்டிருக்கிறார். அந்த வீட்டு மாப்பிள்ளைமார் அவரைத் தூக்கிவந்து தெருமுனையில் இறக்கிவிட்டார்கள். வேட்டி கிழிந்து வந்தவர் முகத்தில் அப்படி ஒரு பிரகாசம்! "துக்கத்துக்குள்ள கோவமும் இருக்குவே! பாத்தீரா!"

அந்த வாரமே சுழிக்காற்று அடித்தது. வெட்டுக்குக் காத்திருந்த வாழையெல்லாம் ஒரே மத்தியானத்தில் சாய்ந்துவிட்டது. சேதம் பார்க்க நான் மொபெட்டை எடுத்தேன். அண்ணாச்சி கேட்காமலே பின்னால் ஏறிக்கொண்டார். "எல்லாம் போனவன் என்ன பேசுதான்னு நான் கேக்கணும்வே."

"அங்கன வந்து வாயத் திறந்தேருன்னா வாய்க்கால்ல தள்ளிருவேன்" என்றேன்.

சுடலைமுத்து என்பவரின் தோட்டம். ஒரு மரம் நிற்கவில்லை. முட்டுக்கம்போடு சேர்ந்து குலைகள் சேற்றில் கிடந்தன. அவர் வரப்பில் உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் சம்சாரம். கேள்வி கேட்க வந்த அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டு என் பின்னால் ஒதுங்கினார்.

சுடலைமுத்து எங்களைப் பார்த்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "வாங்க சார். வாங்க அண்ணாச்சி. சாப்ட்டியளா?"

நாங்கள் நின்ற நிலையைப் பார்த்து அந்த அம்மா தூக்குச்சட்டியைத் திறந்து, இருந்த கஞ்சியை நாலாகப் பங்கிட்டார். அண்ணாச்சி குனிந்த தலை நிமிராமல் குடித்தார். கண்ணீர் கஞ்சிக்குள்ளேயே விழுந்தது. குடித்து முடித்ததும் வேட்டியை மடித்துக் கட்டினார். தேறுகிற குலைகளைச் சுடலைமுத்து வெட்ட வெட்ட, பொழுது சாயும்வரை தோளில் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். சுமந்து பழக்கமில்லாத தோள். சட்டையெல்லாம் வாழைக் கறை.

திரும்பும்போது ஆற்றுப் பாலத்தில் என் முதுகில் ஓங்கி அறைந்தார். "கெடச்சிட்டுவே! கெடச்சிட்டு!" மொபெட்டோடு ஆற்றுக்குள் போகாதது என் அம்மா செய்த புண்ணியம்.

மாற்றி அனுப்பிய கதை வெளிவந்தது! காதர் பாய் கடையில் கூட்டம். அண்ணாச்சி சுடலைமுத்துவைக் கையோடு கூட்டிவந்து பெஞ்சில் உட்கார வைத்து, தெருவே அதிர வாசித்தார். கடைசி வரி வந்ததும் பத்திரிகையை என்னிடம் நீட்டினார். நான் வாசித்தேன். நொறுங்கிய கப்பலுக்குள்ளிருந்து அவன் வெளியே வந்து, வந்தவர்களைப் பார்த்துக் கேட்கிறான்: "வாங்க, சாப்ட்டியளா?"

காதர் பாய் டீ ஆற்றுவதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். சுடலைமுத்து மட்டும் ஒன்றும் ஆச்சரியப்படவில்லை. "பொறவு கேக்காண்டாமா? அம்புட்டுத் தூரத்துலருந்துல்லா வந்திருக்காவ!"

அண்ணாச்சி அவரைக் கட்டிப்பிடித்த வேகத்தில் பெஞ்சு சாய்ந்தது.

எனக்கு மாற்றல் வந்தபோது எல்லாரும் புது ஊர் எப்படி, வீடு எப்படி என்று விசாரித்தார்கள். கீழே அண்ணாச்சி சத்தம் இல்லாத மாடியில் எப்படித் தூங்குவது என்பது ஒன்றுதான் எனக்குக் கவலையாக இருந்தது.