ஸகியாவின் வீட்டுக்கு என் ஆட்சேபணை

இந்தச் சோலைவரியை ஒரு கை பார்க்காமல் ஓயமாட்டேன் என்று நான் பிரகடனம் செய்தபோது காலைச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. கேட்டவர்கள்: என் மனைவி ஸகியா, ஒரு பூனை. பூனை முதலில் எழும்பிப் போனது.

வீட்டுக்கு மாநகர சபை அறவிடுகிற வரிக்கு எங்கள் பக்கத்தில் சோலைவரி என்று பெயர். எந்தச் சோலையைக் கண்டு வைத்தார்களோ தெரியாது. கல்முனைக்குடியில் எங்கள் வீட்டு வளவில் நிற்பது ஒரு முருங்கை. நாங்கள் மேல்மாடி கட்டியதைப் பார்த்து வீட்டின் பெறுமதியை உயர்த்தி அறிவித்தல் அனுப்பியிருந்தார்கள். உரிமையாளருக்கு ஆட்சேபணை இருந்தால் எழுத்தில் தெரிவிக்கலாம் என்று அதன் கடைசி வரி சொன்னது. எனக்கு அந்த வரி போதும். வாழ்நாள் முழுவதும் நான் தெரிவித்து வந்தது ஆட்சேபணையைத்தான்.

இன்றைய ஆட்களுக்கு அபுல் ஹஸனைத் தெரியாது. வாய்க்காலில் தண்ணீர் வராத காலத்தில் சவளக்கடை விவசாயிகளைத் திரட்டி நடுவீதியில் இருத்தியவன் நான். மீனவர்களுக்காகக் கரையெல்லாம் சைக்கிளில் போய்த் துண்டுப்பிரசுரம் கொடுத்தவன். என் படிப்பும் துண்டுப்பிரசுரத்தில்தான். முதலில் வாசித்தேன், பிறகு நானே எழுதினேன். அன்று என்னோடு கோஷம் போட்டவர்களில் பாதிப்பேர் மையவாடியில் அடக்கம். மீதிப்பேர் கட்டாரில். கெட்டிக்காரர்கள் அமைச்சர்மாரின் வாகனத்தில். சாமித்தம்பி ஒருவன்தான் மிச்சம். அவனுக்கும் இயந்திரப் படகில் இருந்து இருந்து காது மந்தம். வீதியில் எனக்கு இன்னும் சலாம் சொல்கிறார்கள். நான் பதில் சொல்லி ஒரு விசயம் தொடங்குவதற்குள் மோட்டார் சைக்கிள் அடுத்த சந்தியில் திரும்பிவிடும்.

ஸகியாவுக்கு வேறு கவலை. கடைசி மகள் நஜ்லாவுக்குப் பொத்துவிலில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெட்டியோடு வந்து குடியேறுபவர். அந்த மேல்மாடியே நஜ்லாவுக்காக எழும்பியதுதான். மாப்பிள்ளையின் தாய் சபியா உம்மா வந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, தண்ணீர்ப் பைப்பைத் திறந்து பார்த்து, மாடிப்படி ஏறி மூச்சு வாங்கி, வீடு திருப்தி என்று சொல்லிப் போயிருந்தார். அந்த ஒரு சொல்லை ஸகியா கண்ணாடிப் பாத்திரம் மாதிரிப் பொத்தி வைத்திருந்தாள்.

அதே வீட்டைப் பற்றித்தான் நான் எழுதினேன். தலைப்பு, ‘இது வீடா, இடிபாடா?’ கடற்காற்று கம்பியைத் தின்றுவிட்டது என்றேன். சுவர் வெடிப்பில் உடும்பு குடும்பம் நடத்துகிறது என்றேன். மாரி மழைக்கு மேல்மாடியில் தோணி விடலாம் என்றேன். கொஞ்சம் கூட்டி எழுதாமல் உலகத்தில் எந்தப் போராட்டமும் வென்றதில்லை. அதையே ஆட்சேபணை மனுவாகச் சபையில் கொடுத்து, பிரசுரமாகவும் அடிப்பித்து, அச்சகத்திலிருந்து கட்டைத் தோளில் சுமந்து வீட்டுக்கு வந்தேன்.

ஸகியா ஒன்றை எடுத்து மேலிருந்து கீழே வாசித்தாள். என் எழுத்தை அவள் முழுவதும் வாசித்தது அதுதான் முதல் தடவை.

“நஜ்லாட வாப்பா, இத எங்க குடுக்கப் போறீங்க?”

“பள்ளியடியில, சந்தையில, பஸ்ஸில.”

“எந்த பஸ்ஸில?”

“எல்லா பஸ்ஸிலயும். பொத்துவில் பஸ்ஸிலயும்தான். மக்கள் அறியணும்.”

“சபியா உம்மா அறியணும் எண்டு சொல்லுங்களன்.”

அது எனக்குத் தோன்றவில்லை. சம்பந்தி வீட்டை நினைத்துக்கொண்டு எழுதினால் எழுத்து உருப்படாது.

அவள் ஏசியிருந்தால் நான் வென்றிருப்பேன். ஏச்சுக்குப் பயந்தவன் போராட வரமாட்டான். அவள் ஏசவில்லை. தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். சீனி சரியாக இருந்தது. அப்போதே நான் உசாராகியிருக்க வேண்டும்.

“ஒண்டு சொல்றன், கோவிக்கப்படா. ஒழுக்கு, வெடிப்பு எண்டு அழுறது ஏலாத ஆக்கள்ட கத. உங்களுக்கு அது அழகா? நீங்க சட்டம் கதைக்கிற மனிசன்.”

“என்ன சட்டம்?”

“பின்வளவில நிக்கிற உங்கட அறையையும் வீட்டோட சேத்துத்தானே மதிச்சிரிக்காங்க. அது வீடா? அது உங்கட காரியாலயம். தனிக் கட்டடம்.”

நான் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அந்த அறையில் என் கொடிகளும் ஒலிபெருக்கியும் பழைய பிரசுரங்களும் கிடக்கின்றன. கல்யாணம் முடித்த காலத்திலிருந்து அதற்கு அவள் வைத்த பெயர் குப்பைக் கொட்டில். இன்று காரியாலயம். புரட்சி குசினி அடுப்படியிலிருந்து புறப்படும் என்று எந்தப் பிரசுரமும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஒழுக்கையும் வெடிப்பையும் கைவிட்டேன். தனிக் கட்டடம் என்பதே நம் கோரிக்கை என்று அறிவித்தேன். அவள் தலையாட்டினாள். பிரசுரக் கட்டைத் தானே பெண்கள் மத்தியில் விநியோகிப்பதாகச் சொல்லி வாங்கிக்கொண்டாள். சில நாள் கழித்து என் சோற்றில் வைத்த பாரைக் கருவாட்டில் ‘மக்களே’ என்ற சொல் மை ஊறி இடம்வலம் மாறிப் பதிந்திருந்தது. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. விநியோகம் பலவகை.

மனுவைச் சபை விசாரிக்கும் நாளுக்கு ஊரையே அழைத்திருந்தேன். சாமித்தம்பி வந்தான். மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்து உடனே தூங்கிவிட்டான். ஸகியாவும் வந்து பின்வரிசையில் இருந்தாள். மருந்துக் குளிசையை நான் மறந்துவிடுவேனாம், அதைத் தர வந்தாளாம்.

விசாரித்தவர் சபை அதிகாரி சுலோஜனா மிஸ். என் மகள் வயது. நான் வெள்ளைக்காரன் காலத்து வரிகளிலிருந்து தொடங்கினேன். அவர் நாடியில் கை வைத்துப் பொறுமையாகக் கேட்டார். பின்வளவுக் கட்டடத்துக்கு வந்து, அதற்கும் வீட்டுக்கும் எந்த உறவும் இல்லை, அது மக்களின் காரியாலயம் என்று நான் மேசையில் தட்டியபோது சாமித்தம்பி விழித்துக் கைதட்டினான். மண்டபத்தில் எழுந்த ஒரே ஆதரவு அது.

“வாதம் விளங்குது, ஐயா. வீடு உங்கட பேர்லதானே?”

நான் மேசையிலிருந்து கையை எடுத்தேன்.

எங்கள் ஊரில் எந்த ஆணின் பெயரிலும் வீடு இருக்காது. அவரவர் வீடு அவரவர் மனைவியுடையது. அங்கே வருகிற மாப்பிள்ளை காலமெல்லாம் வந்தவராகவே இருப்பார். நானும் ஸகியாவின் வாப்பா அவளுக்கு எழுதிக் கொடுத்த வீட்டுக்குப் பெட்டியோடு வந்தவன்தான். பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். போராட்ட வேகத்தில் மனுவில் உரிமையாளர் என்ற இடத்தில் கையொப்பத்தை வைத்துவிட்டேன்.

“மனிசிட பேர்ல” என்றேன்.

“அப்ப ஆட்சேபணைய அவங்கதானே சொல்லணும், ஐயா.”

ஸகியா எழும்பி முன்னுக்கு வந்தாள். நான் கண்ணால் ஊக்கம் கொடுத்தேன். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அவள் பேசினாள்.

“வீட்டுக்கு எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்ல மிஸ். நல்ல உறுதியான வீடு. நீங்க போட்ட பெறுமதி சரி. மகளுக்குக் குடுக்கப் போறம். ஒழுக்கு, வெடிப்பு எண்டு மனுவில எழுதியிரிந்தா அத வெட்டி உடுங்க. அந்தப் பின் அறை மட்டும் இவர் சொல்றாப்போல வேறதான். அதில எனக்கோ மகளுக்கோ பங்கில்ல. தனியாப் பிரிச்சி இவர்ட பேர்ல போடுங்க.”

சுலோஜனா மிஸ் என்னைப் பார்த்தார்.

“சம்மதமா, ஐயா? நீங்க சொன்ன வாதம்தானே.”

நான் சொன்னதுதான். தான் பேசிய பேச்சுக்கு எதிராகத் தானே கை உயர்த்துவது தலைவர்களுக்குப் பழக்கம். எனக்கு வராது. ஓம் என்றேன். சாமித்தம்பி மறுபடியும் கைதட்டினான்.

வரும் வழியில் ஸகியா குளிசையை எடுத்துத் தந்தாள். இனிமேல் யாரும் என்னை வந்தவர் என்று சொல்ல ஏலாது என்றாள். என் கட்டடத்துக்கு நான் எவ்வளவு வேண்டுமென்றாலும் ஆட்சேபணை எழுதலாமாம், அவள் குறுக்கே நிற்கமாட்டாளாம்.

நஜ்லாவின் கல்யாணம் சிறப்பாக நடந்தது. சபியா உம்மா இன்னொரு தடவை சுவரைத் தட்டிவிட்டுப் போனார். மகளுக்கு வீட்டைக் கொடுத்தால் தாய் தகப்பன் பின்வளவுக்கு ஒதுங்குவது எங்கள் வழக்கம். நானும் என் படுக்கையை அறைக்குக் கொண்டுபோய், ஸகியாவுக்கு இடம் விட்டு, கொடிகளை ஒரு மூலைக்குத் தள்ளி வைத்தேன். அவள் வரவில்லை. நஜ்லாவுக்குச் சமையல் சரியாகத் தெரியாதாம். மாப்பிள்ளைக்கு எது பிடிக்கும் என்று இன்னும் பிடிபடவில்லையாம். பிறகு ஒருநாள் காரணத்தை நேராகவே சொன்னாள்.

“காரியாலயத்தில பொம்பளைக்கு என்ன வேல?”

சோறு மூடி வைத்த பீங்கானில் வளவைக் கடந்து சூடாகவே வருகிறது. கொண்டுவருபவர் உட்காருவதில்லை. மாடியில் சிரிக்கிறார்கள். என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்பது இங்கே கேட்காது.

அப்படி இருக்கையில் போன மாதம் யாரோ கதவைத் தட்டினார்கள். பிரித்த கட்டடத்தை மதிக்கச் சபையிலிருந்து வந்திருந்தார் தினேஸ் என்ற இளைஞர். கதிரையைத் துடைத்துப் போட்டேன். போத்தலில் இருந்த தேத்தண்ணியை ஊற்றினேன். எப்போது கட்டியது என்று கேட்டார். வாய்க்கால் போராட்டத்திலிருந்து ஆரம்பித்தேன். அவர் குனிந்து எழுதிக்கொண்டே இருந்தார். என் பேச்சை ஒருவர் இப்படிக் குறிப்பெடுத்ததை நான் இதற்குமுன் கண்டதில்லை. ஒரு யன்னல்தானா என்றார். அலுமாரியை நகர்த்தி, பின்னால் மறைந்திருந்த மற்ற யன்னலையும் காட்டினேன். பாயைச் சுருட்டிச் சீமெந்துத் தரையைக் காட்டினேன். கூரையில் நல்ல தகரம் என்றேன். அவர் எழுத எழுதப் பெறுமதி ஏறியது. கடைசியில் தொகையைச் சொல்லி, ஆட்சேபணை ஏதும் இருக்கிறதா என்று கேட்டார்.

இல்லை என்றேன். வாழ்நாளில் முதல் தடவை.

அவர் உடனே பேனாவை மூடி, தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டார். ஆட்சேபித்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருப்பார்.