ஆஷ்லி மேடம் பேசுறேன்

"சார், கன்னுக்குட்டி எந்திரிச்சு நின்னுடுச்சுங்களா?"

இருளப்பன் போனைக் காதிலிருந்து எடுத்து ஒருமுறை பார்த்தார். தெரியாத நம்பர். பசு கன்று போட்டது விடியற்காலை ஐந்து மணிக்கு. இப்போது எட்டு. கோத்தகிரிக்கு மேலே, பனியில் எதிர் லயன் வீட்டு வரிசையே கண்ணுக்குத் தெரியாத எஸ்டேட்டில் நடந்த பிரசவம் இந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

"யாருங்க பேசறது?"

"ஆஷ்லி மேடம் பேசுறேன் சார். கோயமுத்தூர் யுனிவர்சிட்டி, அட்மிஷன் கவுன்சிலர். ரஞ்சனியோட கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டை நாளைக்குச் சாயந்தரம் அஞ்சு மணி வரைக்கும்தான் வெச்சிருப்போம்."

மகள் ரஞ்சனிக்கு இரண்டு இடம் கிடைத்திருந்தது. ஒன்று ஊட்டி அரசு கல்லூரியில் கணிதம்; வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம். இன்னொன்று இந்தத் தனியார் யுனிவர்சிட்டி. அதற்கு இருளப்பன் இருபது வருடம் பேக்டரியில் உழைத்து வாங்கிய இருபது சென்ட் தேயிலையை விற்க வேண்டும்.

அரசு கல்லூரியே போதும் என்றுதான் அவருக்குத் தோன்றியது. ஆனால் அதை மகள் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் அவருக்கு இல்லை. எந்த அப்பனுக்குத்தான் இருக்கும்? ஒரு வாரமாகச் சளி பிடித்தவர் மாதிரி பேசாமலே ஓட்டிக்கொண்டிருந்தார்.

முதல் வேலையாக அந்த நம்பரை பிளாக் செய்தார். நிம்மதியாகத் திரும்பினால் மனைவி சின்னம்மை தன் போனை நீட்டிக்கொண்டு நிற்கிறாள்.

"ஏனுங்க, உங்களத்தான் கேக்கறாங்க. ஆஷ்லியாமா."

இரண்டு போனையும் அணைத்து அரிசிப் பானைக்குள் புதைத்துவிட்டு பேக்டரிக்குப் போனார். இலை வாட்டும் மாடியில், பச்சை வாசனைக்கு நடுவே, கொஞ்சம் மூச்சு வந்தது. பதினோரு மணிக்குக் கீழே ஆபீசிலிருந்து கிளார்க் ராஜசேகர் குரல் கொடுத்தார்.

"இருளப்பா, உனக்கு போனு!"

பேக்டரி போனில் யாரும் கூப்பிட்டு அவர் பார்த்ததே இல்லை. ரிசீவர் சில்லென்று இருந்தது.

"மேல குளிருங்களா சார்? அந்த பிரவுன் ஸ்வெட்டர்ல முழங்கைக் கிழிசலத் தெச்சாச்சா?"

இருளப்பன் தன் முழங்கையைப் பார்த்தார். தைக்கவில்லை. ரிசீவரை வைத்துவிட்டு அரை நாள் லீவு சொல்லிக் கிளம்பிவிட்டார்.

அன்று சாயந்தரம் புருசனும் பெண்டாட்டியும் அடுப்படியில் குந்தி ஆலோசித்தார்கள்.

"பக்கத்தூட்டு மூக்கம்மா மகளும் அந்தக் காலேஜுலதான படிச்சா?" என்றாள் சின்னம்மை. "இப்ப கோயமுத்தூர்ல கம்ப்யூட்டர் வேலைங்கறாங்க. அம்மாகிட்ட நாலு வேளையும் போன்ல ஊர்க்கதை கேக்கறா. நம்ம புள்ள மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?"

"மெதுவாப் பேசு. எவளோ ஒட்டுக் கேக்கறா."

லயனில் ரகசியம் பேசுவது லேசான காரியம் இல்லை. ஒரு வீட்டில் தும்மினால் மூன்றாவது வீட்டில் 'நூறு வயசு' என்பார்கள். அதனால் இருளப்பன், லயனில் பாதிக் குடும்பங்களைப் போலச் சிலோனில் இருந்து வந்த தன் அப்பா அம்மா செய்ததையே செய்தார். சிங்களத்துக்கு மாறினார். அவருக்குத் தெரிந்ததே முப்பது வார்த்தைதான். பணம் இல்லை என்று சொல்ல அது தாராளம்.

"சல்லி நே," என்றார். "எபா கியமு." காசு இல்லை, வேண்டாம்னு சொல்லிடுவோம்.

சின்னம்மை மூக்கை உறிஞ்சிக்கொண்டு தலையாட்டினாள். மறுநாள் காலையில் ரஞ்சனியிடம் சொல்லிவிடுவது என்று முடிவானது.

மறுநாள் காலையில் ரஞ்சனியின் போன் அடித்தது. "அப்பாகிட்டக் குடுக்கச் சொல்றாங்க," என்று நீட்டினாள்.

"பய வென்ன எபா, சார்," என்றது அந்தக் குரல். பயப்படாதீங்க என்று அர்த்தம்.

இருளப்பன் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். காபி போட்ட சின்னம்மை சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டாள். அதை அவர் குடித்தும் முடித்தார்.

ரஞ்சனியையும் கூட்டிக்கொண்டு இருளப்பன் முனியப்பன் கோயிலுக்கு ஓடினார். பூசாரி ஒச்சப்பன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது முகம் வெளிறியிருந்தது.

"பங்களாவுக்குப் பின்னால ஒரு கல்லறை இருக்குதுல்ல, துரைசானிது?"

"ஆமாங்க."

"பேரு தேஞ்சு போயிருக்கும். என்ன பேருன்னு நெனைக்கிற? ஆஷ்லியாத்தான் இருக்கும். சிலோன்ல இருந்து இங்க வந்த துரைசானி. இல்லீன்னா வெள்ளக்காரிக்கு எதுக்குடா சிங்களம்?"

இருளப்பனுக்கு எல்லாம் அச்சுப் பிசகாமல் பொருந்தியது. நம்பரை பிளாக் செய்தால் பேய் நின்றுவிடுமா?

பூசாரி ரஞ்சனியின் போனை வாங்கி, மந்திரித்த விபூதியை அதன் காது வைக்கும் ஓட்டையில் அழுத்தி அடைத்தார். ரஞ்சனி கத்தியே விட்டாள். அதற்குப் பிறகு அந்த போனைக் காதில் வைத்தால் ஒன்றும் கேட்கவில்லை. ஸ்பீக்கரில் போட்டால் மட்டும் ஊருக்கே கேட்டது.

ஊரும் கேட்கத் தயாராக வந்துவிட்டது. நாலரை மணிக்குப் பனி இறங்கி, லயன் வாசலில் நின்றவர்களுக்கு முகம் போய் வெறும் உருவம்தான் மிச்சம் இருந்தது. போனை முறத்தில் வைத்து, குங்குமம் தடவிய எலுமிச்சம்பழத்தைப் பக்கத்தில் வைத்திருந்தார் ஒச்சப்பன்.

நாலு ஐம்பதுக்கு அது அடித்தது. ரஞ்சனி எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"குட் ஈவினிங், ஆஷ்லி மேடம் பேசுறேன்."

கூட்டம் ஓரடி பின்வாங்கியது.

"நீ செத்து எத்தன வருசமாச்சு?" என்று அதட்டினார் பூசாரி.

"சார்? நான் அட்மிஷன் கவுன்சிலருங்க."

"கேக்கறதக் கேளு, தந்தர்றோம். கோழி வேணுமா? சாராயம் வேணுமா?"

"டெபாசிட் மட்டும் போதும் சார். அஞ்சு மணிக்குள்ள."

ஒச்சப்பன் வேப்பங்குழையால் போனைப் படார் படாரென்று அடித்தார். அது அசரவில்லை. "இன்னும் ஒம்போது நிமிஷம் இருக்குங்க சார்," என்றது.

இருளப்பனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. பூசாரியை விலக்கிவிட்டு முறத்துக்கு முன்னால் மண்டி போட்டார். ஒரு வாரமாக மகளிடம் சொல்ல முடியாததெல்லாம் ஒரு பேயிடம் வந்து கொட்டியது.

"தாயி, எங்கிட்ட இருக்கறது இருபது சென்ட்டு. அத வித்துப்போட்டா அப்பறம் நாங்க ஒண்ணுமில்லாதவங்க. அத விக்காம வெச்சுக்கிட்டுப் புள்ளையோட படிப்பக் கெடுத்துட்டேன்னு நாளைக்கு அவ சொல்லிட்டா நான் உசுரோட இருந்து பிரயோசனமில்ல. செத்தவங்க பொய் சொல்ல மாட்டீங்க. நீயே சொல்லு தாயி. அத வித்து உங்க காலேஜுல சேத்தா எம்புள்ள நல்லா வருவாளா?"

ரஞ்சனி அழுதுவிட்டாள். "அப்பா, எந்திரிங்கப்பா," என்று தோளைப் பிடித்து இழுத்தாள். அவர் எழவில்லை.

போனில் சத்தமே இல்லை. கட் ஆகிவிட்டதோ என்று பூசாரி குனிந்து பார்த்தார். ஆகவில்லை. யாரோ மூச்சை உள்ளே இழுப்பது மட்டும் கேட்டது. பிறகு ஆஷ்லி மேடத்தின் கோயமுத்தூர் ஆபீஸ் குரல் எங்கோ போய், ஒரு சின்னப் பெண்ணின் குரல் வந்தது.

"வேணாம் மாமா. தோட்டத்த விக்காதீங்க. ரஞ்சனிய ஊட்டிக்கே அனுப்புங்க."

பேய் இருளப்பனை மாமா என்று கூப்பிட்டதும் கூட்டத்தில் பாதிப் பேர் ஓட்டம் எடுத்தார்கள். ஓடாமல் நின்றது பக்கத்து வீட்டு மூக்கம்மா ஒருத்திதான். அவள் பனியை விலக்கிக்கொண்டு மெதுவாக முன்னே வந்து, முறத்தில் கிடந்த போனைப் பார்த்துக் கேட்டாள்.

"அடியே மகாலட்சுமி, அங்க நாலு வருசம் படிச்சுட்டு நீ பாக்கற கம்ப்யூட்டர் வேலை இதுதானாடி?"