பாத்திக்குள் கூடிய கற்றல் சமூகம்

மரக்காணம் உப்பளத்தின் வரலாற்றில் மாபெரும் வருகைகள் இரண்டு. 2004 டிசம்பரில் கடல் வந்தது. 2006 ஏப்ரலில் எங்கள் ‘கற்றல் சமூகம்’ வந்தது. முதலாவதற்கு மட்டும் நிவாரணம் கிடைத்தது.

வடிவமைப்பு படிக்கும் மாணவர்களையும் தொழில்துறை வல்லுநர்களையும் ஒரே வட்டத்தில் உட்காரவைத்தால் நாடு முன்னேறிவிடும் என்பது எங்கள் சென்னைக் கல்லூரி கண்ட பேருண்மை. சமூகத்துக்கு ஒரே விதி: ‘அறிந்தவர் அறியாதவருக்குச் சொல்ல வேண்டும்.’ பேராசிரியை நிவேதா மேடம் அதை எங்கள் டி-சர்ட்டின் முதுகில் அச்சடித்துக் கொடுத்தார். முதுகில் இருந்ததால், போட்டிருந்தவர் யாருக்கும் அது தெரியவில்லை.

எங்களுக்கு வாய்த்த வல்லுநர் புருஷோத்தமன் சார். ஷாம்பு பாட்டில் மூடியை அரைச் சுற்றில் திறக்கவைத்த மேதை. தலையில் முடி உள்ள அனைவரும் அவரை வணங்க வேண்டும். அவருக்கு முடி இல்லை. அவர் கம்பெனியில் கோடை விடுமுறைக்கு ஒரே ஒரு பயிற்சி இடம் இருந்தது. அது எனக்கு வேண்டும்.

அந்த உப்பளத்தில் என் அம்மா அம்சவள்ளி கூலி வேலை செய்கிறாள் என்பது கல்லூரியில் யாருக்கும் தெரியாது. அங்கே நான் ‘பாண்டிச்சேரி பக்கம்’. பக்கம்தானே, பொய் இல்லை.

பஸ்ஸை விட்டு இறங்கினோம். உப்புப் பாத்திகள் வெள்ளை வெளேரென்று மின்னின.

“வாவ்! வட்டத்தை இதுக்குள்ளயே போட்டுடலாம்,” என்றார் புருஷோத்தமன்.

உப்பு விளைந்த பாத்திக்குள் எங்கள் ஊரில் நாய்கூட இறங்காது. நாள்கணக்கில் வெறுங்காலால் மிதித்து இறுக்கிய களிமண் தரை அது. வரப்பில் நின்றபடி, நீளக் கம்பு மாட்டிய பலகையால் மேலாக இழுத்துத்தான் உப்பை எடுப்பார்கள். ஷூக்கால் பட்டால் தரை உடையும், சேறு கலங்கும், விளைந்தது மொத்தமும் வீண். இது எனக்கு நாலு வயதிலேயே தெரியும்.

வாயைத் திறந்தேன்.

“மணிவண்ணன், ஏதாவது சொல்லணுமா?” என்றார் மேடம். புருஷோத்தமன் சாரும் திரும்பிப் பார்த்தார்.

“ஒண்ணுமில்ல மேடம். வெளிச்சம் நல்லா இருக்குது.”

இருபத்திரண்டு ஜோடி ஷூக்கள் அறிவைத் தேடி இறங்கின. வட்டம் கோணலாக இருக்கிறது என்று இரண்டு முறை மாற்றி உட்கார்ந்தோம்.

மேஸ்திரி சவரிமுத்து வரப்பில் ஓடி வந்தார். பின்னாலேயே கூடையோடு அம்மா.

“ஏம்பா, யாருப்பா நீங்கல்லாம்? ஏறுங்க, ஏறுங்க!”

“பாத்தீங்களா, யூசர் எவ்ளோ ஆர்வமா இருக்கார்!” என்று பூரித்தார் புருஷோத்தமன். பிறகு எழுந்து அம்மாவிடம் திரும்பினார். “சொல்லுங்கம்மா, உங்க பெயின் பாயின்ட் என்ன?”

“எங்க வலிக்குதுன்னு கேக்குறாரு,” என்று மேடம் விளக்கினார்.

“இப்ப அவரு நிக்கிறாரே, அங்கதாங்க,” என்றாள் அம்மா.

சார் குறிப்பேட்டில் ‘பாதம்’ என்று எழுதிக்கொண்டார்.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த கேமராவைப் பார்த்தேன். பேர் சொல்லிக் கூப்பிட்டுவிடுவாளோ என்று பயந்தேன். கூப்பிடவில்லை.

மாலைக்குள் சமூகம் அரிய முடிவுகளை எட்டியது. மரக்காணத்து உப்பு ‘இயற்கையிலேயே’ பழுப்பு நிறம். ‘மண்வாசனை உப்பு’ என்று ஜாடியில் விற்கலாம். மூடி அரைச் சுற்று. உழைப்பாளிகள் பாதத்துக்கு, பாத்தியில் நடக்க மெத்தென்ற ஷூ. நாங்கள் கை தட்டிக்கொண்டிருந்தபோது சவரிமுத்து அந்தப் பழுப்பு உப்பை வாரி வாய்க்காலில் கொட்டிக்கொண்டிருந்தார்.

பயிற்சி இடம் எனக்கே கிடைத்தது. சான்றிதழும் கொடுத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சான்றிதழோடு வீட்டுக்குப் போனேன். பாத்தியை மறுபடி முதலிலிருந்து மிதித்துவிட்டு வந்திருந்த அம்மா, வெடித்த குதிகாலை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“என்னா எழுதியிருக்குது அதுல?”

“‘சிறந்த தகவல் தொடர்பாளர்’னும்மா.”

“அப்டின்னா?”

“சொல்ல வேண்டியத, சொல்ல வேண்டிய நேரத்துல சொல்றவன்.”

அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அதை வாங்கிப் பார்த்தாள். ஈரம் படாமல் திருப்பிக் கொடுத்தாள்.

“அன்னிக்கு கடலு வந்தப்ப நாங்க வரப்பு கட்டிகினு இருந்தோம். நீதான் ‘ஏறுங்க, ஏறுங்க’ன்னு அளம் முச்சூடும் கத்திகினே ஓடியாந்த. அத்தினி பேரும் பொழச்சோம்,” என்றாள். “அப்ப நீ காலேஜுல சேரல.”